நீலப் பீப்பாயின் குட்டி மீன்கள்

எல் புரோகிரசோ
20 ஜூலை 1997

திருமதி மெல்பா அவர்களுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. என் மகள் அரெலி உங்கள் வீட்டில் டெங்குக் காய்ச்சல் கண்டு செத்து இன்றோடு அறுபத்தெட்டு நாள். கூடப் பிறந்த அக்கா என்று நம்பித்தான், என் வீட்டுக்காரர் ஒல்வின் இங்கே வாழைத் தோட்டத்து வேலைக்கு வந்தபோது, நானும் பிள்ளையும் கோமயாகுவேலாவில் உங்கள் வீட்டில் தங்கினோம். பிள்ளைக்கு இந்த வருஷப் பள்ளிக்கூடம் முடிந்தபிறகு போகலாம் என்று சொன்னதும் நீங்கள்தான்.

கல்லறையில் உங்களைப் பார்த்து நான் கத்தியதை ஊரே கேட்டது. "உன் பூத்தொட்டிதான்டி என் பிள்ளையக் கொன்னுச்சு" என்றேன். நீங்கள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். அதுதான் என்னை இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது.

ஒல்வின் சொல்கிறார்: "கொசுவுக்கு விலாசமா இருக்கு? மலை முழுக்க வீட்டுக்கு வீடு தண்ணித் தொட்டி. எந்தத் தொட்டிக் கொசுன்னு யாரு கண்டா?" சொல்ல அவருக்கு நன்றாக இருக்கிறது. எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் இந்த வயிற்றுப் பிள்ளையைப் பெற என்னால் முடியாது. ஆறு மாதம் ஆகிறது.

அதனால் கேட்கிறேன். அந்த நீலப் பீப்பாயில் அல்லிக் குளத்தை நீங்கள் எப்படிச் செய்தீர்கள்? மண், கல், செடி, தண்ணீர், ஒன்று விடாமல் எழுதுங்கள். அதே மாதிரி ஒன்றை இங்கே முற்றத்தில் செய்து, தினமும் குந்தி உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். ஒரே ஒரு கொசுப்புழு நெளிந்தாலும், பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பெரியம்மா என்று ஒருத்தி இருப்பதே தெரியாமல் வளர்ப்பேன். நெளியவில்லை என்றால் உங்கள் காலில் விழுகிறேன்.

பதிலை டிரைவர் நாஹூனிடம் கொடுங்கள். பஸ் நிலையத்தில் நான் வாங்கிக்கொள்வேன்.

டூனியா


கோமயாகுவேலா
26 ஜூலை 1997

அன்புத் தங்கச்சி டூனியா,

உறைமேல் 'திருமதி மெல்பா அவர்களுக்கு' என்று பார்த்ததும், வரி கட்டச் சொல்லி நகராட்சிதான் எழுதியிருக்கிறது என்று நினைத்தேன். உன் கோணல் எழுத்தைப் பார்த்தபிறகுதான் உறையை விரல் நுனியில் தூக்கிப் பிடித்தேன். நாஹூன் கேட்டார், "ஏம்மா, கடுதாசிதானே, பாம்பு மாதிரி புடிக்கிறீங்க?" என்று. உன்னை எத்தனை முறை தோளில் தூக்கிக்கொண்டு இந்த மலைப்படி ஏறியிருக்கிறேன்! எனக்கு 'நீங்களா'? போகட்டும். நீ எப்படிக் கூப்பிட்டாலும் கூப்பிட்டாயே, அது போதும்.

இங்கே பன்னிரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. லாரிக்காரன் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மார்க்கெட் மூலையில் பயறு வைத்து மடித்த ரொட்டி விற்பது நடக்கிறது. முழங்கால் வீக்கமும் அப்படியேதான் இருக்கிறது. இதையெல்லாம் நீ கேட்கவில்லை, தெரியும். நீ கேட்டதற்கு வருகிறேன்.

பீப்பாயைப் பாதி உயரத்துக்கு அறு. விளிம்பைக் கல்லில் தேய்த்துவிடு, கையைக் கிழிக்கும். ஆற்றோரக் களிமண் எடு. எருவோ இலைமக்கோ கலக்காதே, தண்ணீர் நாறிவிடும். மண்ணை ஓர் அகலச் சட்டியில் அழுத்திப் போட்டு அல்லிக் கிழங்கைச் சாய்த்து நடு. முளை மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதையும் மூடினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். இந்தச் சொல்லை நான் எழுதியிருக்கக் கூடாது, மன்னித்துக்கொள்.

மண்மேல் பொடிக்கல் பரப்பு, இல்லாவிட்டால் கலங்கிக்கொண்டே இருக்கும். சட்டியைப் பீப்பாய்க்குள் இறக்கி, ஒரு தட்டை வைத்து, அந்தத் தட்டின்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்று. குழாய்த் தண்ணீர் என்றால் இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டு ஊற்று. பக்கத்தில் கொஞ்சம் வேலம்பாசி, மேலே நாலு ஆகாயத்தாமரை. அரை நாள் வெயில் படுகிற இடமாகப் பார். கிழங்கை ஈரக் காகிதத்தில் சுற்றி நாஹூனிடம் கொடுத்திருக்கிறேன். யோஹோவா ஏரிக்கரையில் பஸ் நிற்குமே, பொரித்த மீன் கடை, அந்தக் கடைக்காரி அன்றைக்குக் கொடுத்த கிழங்கின் பிள்ளைதான் இது.

அவ்வளவுதான். நான் வேறு எதுவும் போடவில்லை. மீன் கீன் ஒன்றும் விடவில்லை.

புழு வரும் டூனியா. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ கட்டாயம் வரும். வந்ததும் யோசிக்காமல் அவ்வளவு தண்ணீரையும் காய்ந்த மண்ணில் கொட்டிவிடு. எட்டாம் நாளைத் தாண்ட விடாதே, அதற்குள் இறக்கை முளைத்துவிடும். கொட்டிவிட்டு, "மெல்பாதான் செய்தாள்" என்று மனசில் முடிச்சுப் போட்டு வைத்துவிட்டுப் பிள்ளையைப் பெற்றெடு. நான் மறுக்கவில்லை. அன்றைக்கும் மறுக்கவில்லை, இன்றைக்கும் மறுக்கவில்லை.

சாப்பிடு. முட்டை சாப்பிடு.

உன் அக்கா
மெல்பா


எல் புரோகிரசோ
17 ஆகஸ்ட் 1997

மெல்பா,

'திருமதி' இல்லை, 'அக்கா'வும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன்.

நீ எழுதியதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தேன். ஒல்வின் பீப்பாயை அறுத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டு லெஸ்பியா வேலிமேல் தலையை நீட்டி, "புருஷன் வாழைத்தாரு சுமந்து முதுகு ஒடிஞ்சு வர்றான், மகாராணிக்குப் பூக்குளம் கேக்குதா?" என்றாள். "ஆமா, நீ வந்து அதுல முகம் பார்த்துக்கோ, அப்பவாவது தெரியும்" என்றேன். பிள்ளை செத்தபிறகு நான் பேசிய முதல் எகத்தாளம் அதுதான்.

நாலாம் நாள் புழு வந்தது. ஊசி முனை அளவில், தலைகீழாகத் தொங்கி, விரலை நீட்டினால் நெளிந்து அடிக்குப் போனது. நான் கத்தினேன். "பாத்தீங்களா, பாத்தீங்களா, அவதான்!" என்று ஒல்வின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவர் பீப்பாயைச் சாய்க்கப் போனார். தண்ணீரை மணலில் கொட்டினோம். ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. வயிறு நிறையச் சோறு தின்றேன்.

மறுநாள் அரெலியின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையில் சோள ரொட்டித் தூள் கொட்டியது. என்னடா இது என்று பார்த்தேன். பிறகு ஞாபகம் வந்தது. காலையில் அவள் ரொட்டியைப் பிட்டுப் பிட்டுப் பையில் ஒளித்து வைப்பாள். உன் பீப்பாய்க்குத்தான் எடுத்துப் போவாள். "மேயருக்குத் தொப்பை, அவருக்குக் குறைச்சுப் போடணும். பாதிரியாருக்கு நேத்து ஒண்ணுமே கெடைக்கல" என்பாள். கறுப்பாக இருந்தது பாதிரியார். வால் நீண்டது மணப்பெண்.

மீன் இருந்தது மெல்பா. ஒன்பதோ பத்தோ ஒலோமினா மீன், நீயே ஓடையில் பிடித்து வந்து விட்டவை. "இது இருக்கிற தொட்டியில கொசு முட்டை போட்டாக்கா அதுக்குக் கிறிஸ்துமஸ் சோறு மாதிரி, ஒண்ணு மிஞ்சாது" என்று நீதானே வாடகை வசூலிக்க வந்தவரிடம்கூடப் பெருமை அடித்தாய்! பிறகு ஏன் மீன் விடவில்லை என்று எழுதினாய்?

மறுபடி தண்ணீர் நிரப்பி, வாய்க்காலில் ஒல்வின் வலைபோட்டுப் பிடித்த ஒலோமினா எட்டு விட்டேன். இன்றைக்குப் பதினாலு நாள். காலையிலும் மாலையிலும் கன்னத்தைத் தண்ணீரில் உரசுகிற மாதிரிக் குனிந்து பார்க்கிறேன். ஒரு புழு இல்லை. அல்லி இரண்டாவது இலை விட்டிருக்கிறது.

எந்தக் குற்றவாளியாவது தன் தலையில் தானே பழியைத் தூக்கிப் போட்டுக்கொள்வாளா? யாரைக் காப்பாற்றுகிறாய்? உன் தொட்டியில் இருந்த மீன்கள் என்ன ஆயின? பதில் எழுது.

டூனியா


கோமயாகுவேலா
21 ஆகஸ்ட் 1997

தங்கச்சி,

மீன் செத்துவிட்டது. மீன் என்றால் சாகத்தான் செய்யும். பூனை தின்றிருக்கும், வெயிலில் தண்ணீர் கொதித்திருக்கும். புனித வாரத்தில் எப்போதோ போய்விட்டது. நான்தான் ஊரில் இல்லையே, எனக்கு என்ன தெரியும்? இருந்ததை இல்லை என்று மாற்றி எழுதிவிட்டேன், வயசாகிறது, மறதி.

உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதைக் கிளறாதே. வயிற்றில் ஏழு மாதம். தொட்டியைக் கவிழ்த்துவிடு, பீப்பாயில் துணி ஊறப்போடு. என்னைத் திட்டு. ஆசை தீரத் திட்டி எழுது, நாஹூன் கொண்டு வரும் ஒவ்வொரு கடிதத்திலும் திட்டு, நான் வாங்கிக்கொள்கிறேன். பழக்கமாகிவிட்டது.

குழந்தைக்குத் துணி தைத்து அனுப்புகிறேன்.

மெல்பா


எல் புரோகிரசோ
31 ஆகஸ்ட் 1997

அக்கா,

புனித வாரம் என்று எழுதிவிட்டாயே. ஊரில் இல்லாதவளுக்கு மீன் எந்த வாரம் செத்தது என்று எப்படித் தெரிந்தது?

நீ கோமயாகுவா ஊருக்குப் போயிருந்தாய், வருஷா வருஷம் போவாயே, ஊர்வலத்துக்குத் தெருவில் மரத்தூள் கோலம் போட. வீட்டில் நானும் அரெலியும்தான். பெரிய வெள்ளிக்கிழமை தண்ணீரில் கை வைக்கக்கூடாது என்று சும்மா இருந்தோம். சனிக்கிழமை விடிந்ததும் குழாயில் தண்ணீர் வந்தது, பதினொரு நாளைக்குப் பிறகு! தெருவே வாளியோடு கத்தியது. நீ திரும்பி வரும்போது வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சுகாதார மையத்துப் பெண் சொல்லிக் கொடுத்த மாதிரி ப்ளீச்சும் சோப்புத்தூளும் குழைத்துத் துவைக்கும் தொட்டிச் சுவரெல்லாம் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, தேய்த்துக் கழுவினேன். மசக்கை வேறு, அந்த நெடிக்கு இரண்டு தடவை வாந்தி எடுத்தேன்.

பூச்சு கொஞ்சம் மிஞ்சியது. "தண்ணி நிக்கிற பாத்திரம் ஒண்ணையும் விடாதீங்கம்மா" என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். நான் உன் பீப்பாயின் உள்விளிம்பிலும் பூசினேன். அல்லி இருக்கிறதே, கவிழ்க்க முடியாதே என்று, மேலே இருந்தே நாலு குவளை தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டேன். அவ்வளவும் உள்ளேதான் போனது.

மறுநாள் காலை அரெலி ஓடி வந்தாள். "அம்மா, மேயர் மல்லாக்கப் படுத்துத் தூங்குறாரு, எல்லாரும் தூங்குறாங்க." அவளை உள்ளே அனுப்பிவிட்டு மீன்களை அள்ளிப் பள்ளத்தில் வீசினேன். "எங்கம்மா?" என்றாள். "மண்ணுக்குள்ள தூங்கப் போயிருச்சு. குட்டி போட்டுட்டு மேல வரும்" என்றேன். அவள் அழுகையை நிறுத்துவதற்கு ஒரு பொய். அந்தப் பொய்யை நானே நம்பி மறந்துபோனேன். என் புத்தி இவ்வளவு கேவலமா?

நேற்று, சனிக்கிழமை, இங்கே அதையே திரும்பச் செய்து பார்த்தேன். அதே ப்ளீச், அதே சோப்புத்தூள், விளிம்பில் பூசி, நாலு குவளை. அரை மணி நேரத்துக்குள் எட்டு மீனும் வயிற்றைக் காட்டிவிட்டன. ஒல்வின் என் கையிலிருந்து குவளையைப் பிடுங்கினார். "பைத்தியமாடி உனக்கு?" என்று கேட்டுவிட்டு அவரே அழுதார்.

நான்தான் அக்கா. என் கைதான். உன்னைக் கல்லறையில் வைத்துக் காறித் துப்பிய வாய், மீனைக் கொன்ற கை, எல்லாம் என்னுடையது. உனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் தலையைக் குனிந்து நின்றாய். நான் தாங்கமாட்டேன் என்றுதானே மீன் இல்லை என்று எழுதினாய்? உன் நல்லதனத்தை நினைத்தால் எனக்கு மூச்சு விடக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு முடிவு எடுத்துவிட்டேன். பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி காய்வதற்குள் ஒல்வின் கையில் கொடுத்து உன்னிடம் அனுப்பிவிடுவேன். நீ வளர்த்துக்கொள். நான் தூக்க மாட்டேன், பால் கொடுக்க மாட்டேன். சுத்தம் செய்கிறேன் என்று ஆசையாகத் தொட்டதைக் கொல்லுகிற கை இது. இதை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையைக் குளிப்பாட்ட முடியுமா? ஆற்றுப் பாலத்தில் போகும்போதெல்லாம் கீழே பார்க்கிறேன். ஒல்வின் இப்போது என்னைத் தனியாக வெளியே விடுவதில்லை.

பீப்பாய்த் தண்ணீரை மாற்றி ஊற்றி வைத்திருக்கிறேன். மீன் விடவில்லை.

டூனியா


கோமயாகுவேலா
2 செப்டம்பர் 1997

டூனியா,

அடி பாவி, பாலத்துப் பக்கம் போகாதே. இதைப் படித்து முடிக்கும்வரை ஒல்வின் பக்கத்திலேயே உட்கார்ந்திரு. என்னை நல்லவள் என்று எழுதினாயே, அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். இல்லாவிட்டால் சாகும்வரை வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

ஈஸ்டர் ஞாயிறு நான் வீட்டுக்குள் நுழைந்ததும் ப்ளீச் நெடி மூக்கில் ஏறியது. பீப்பாயின் நீல விளிம்பில் வெள்ளை வெள்ளையாக வழிந்த கோடு. மீன் இல்லை. என்ன நடந்தது என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. நீ வாந்தி எடுத்துக்கொண்டு தேய்த்த வீடு கண்ணாடியாக இருந்தது. "எப்டி இருக்கு அக்கா?" என்று கேட்டாய். "பிரமாதம்டி" என்றேன். மீனைப் பற்றி ஏன் பேசவேண்டும், அடுத்த ஞாயிறு ஓடைக்குப் போய்ப் பிடித்து வந்துவிட்டால் போச்சு என்று நினைத்தேன்.

கேள். முதல் ஞாயிறு முழங்கால் வலி. இரண்டாவது ஞாயிறு ஒரு ஞானஸ்நான விருந்து, தின்றுவிட்டுத் தூங்கிவிட்டேன். மூன்றாவது ஞாயிறு வானொலியில் கால்பந்து. நாலாவது ஞாயிறு ஒரு காரணமும் இல்லை. சும்மா இருந்தேன். ஐந்தாவது ஞாயிறு ஒரு கல்யாண வீட்டுக்கு இருநூறு ரொட்டி. அடுத்த செவ்வாய் அரெலிக்குச் சுரம். ஆறாவது ஞாயிறு அன்னையர் தினம், நாம் மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

இன்னும் இருக்கிறது. இதைத்தான் பாதிரியாரிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் அரெலி என் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "பெரியம்மா, சீக்கிரம் வாங்க! மீனு முழிச்சிருச்சு! குட்டி போட்டிருக்கு, பாருங்க, டான்ஸ் ஆடுது!" என்றாள். குனிந்து பார்த்தேன். தண்ணீர் முழுக்கப் புழு. எனக்குப் புழு எது மீன் எது என்று தெரியாதா? அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. கொட்டினால் அழுவாள், லாரித் தண்ணீர் வேறு தீர்ந்துபோயிருந்தது. "ஆமாண்டி தங்கம், குட்டி மீன்தான்" என்றேன். நாளைக்குக் கொட்டிவிடலாம் என்றேன். தினமும் காலையில் அவள் அதற்கு ரொட்டித் தூள் போட்டாள். நான் பார்த்துக்கொண்டு அடுப்பை ஊதினேன்.

நீ தெரியாமல் செய்தாய். நான் தெரிந்துகொண்டு, ஐந்து ஞாயிறு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். கல்லறையில் உன்னைக் காப்பாற்றத் தலை குனியவில்லை. நீ சொன்னது நிஜம் என்றுதான் குனிந்தேன். ஒல்வின் சொல்வதும் சரிதான், எந்தத் தொட்டிக் கொசு என்று கடவுளுக்குத்தான் தெரியும், மேல் தெருவிலும் ஒரு பிள்ளை போனது. ஆனால் அது எனக்கு உதவவில்லை, உனக்கும் உதவாது.

உன் பிள்ளையை நான் வாங்க மாட்டேன். ஒல்வின் கொண்டு வந்தால் அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்புவேன். புழுவைக் குட்டி மீன் என்று சொன்ன வாய்க்கு இன்னொரு பிள்ளையா?

மெல்பா


எல் புரோகிரசோ
4 செப்டம்பர் 1997

அக்கா,

ஒல்வின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் உரக்கப் படித்தேன். பிறகு அவர் போய்ச் சோறு வடித்தார்.

நீ எனக்காக ஒருமுறை பொய் எழுதியவள். இதுவும் எனக்காகச் சொல்லும் பொய்யோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இல்லை. "டான்ஸ் ஆடுது" என்று சொன்னது என் பிள்ளைதான். அந்தக் குரலை உன்னால் கற்பனை செய்து எழுத முடியாது. செத்தபிறகு முதல்முறையாக அவள் குரலை இன்றைக்குக் கேட்டேன். உன்மேல் இருந்த ஆத்திரமும் அப்போதுதான் திரும்பி வந்தது. இருக்கட்டும், அது இருக்கிறவரை பாலத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

மன்னித்தேன் என்று எழுத மாட்டேன். நீயும் எழுதாதே.

இன்று காலை பீப்பாயைப் பார்த்தேன். புழு வந்துவிட்டது, நிறைய. ஒல்வின் கொட்டப் போனார், நான் தடுத்தேன். கொசுவலைத் துணியால் வாயை இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறோம். துணி வழியாக அல்லியின் முதல் மொட்டுத் தெரிகிறது. கொட்டினால் அதுவும் போய்விடும்.

இந்த ஊர் வாய்க்காலில் ஒலோமினா கொட்டிக் கிடக்கிறது, லெஸ்பியாவைக் கேட்டால்கூடப் பிடித்துத் தருவாள். எனக்கு அது வேண்டாம். நீ ஓடைக்குப் போ. உன் கையால் பிடி. மூடி போட்ட வாளியில் ஓடைத் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு நாஹூன் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து வா. உன் கையால் விடு, நான் பார்க்க வேண்டும். பிள்ளையை யார் வளர்ப்பது என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை ஊற்றிய தண்ணீர். எட்டாம் நாள் வருகிற ஞாயிறு. இருட்டும்வரை காத்திருப்பேன், அதற்குமேல் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன்.

ஐந்து ஞாயிறு நீ போகவில்லை. இந்த ஞாயிறு வா.

டூனியா